கட்டாமல் விட்ட கிழக்கு எல்லை

செல்வி கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. முழங்கை வரைக்கும் கேழ்வரகுக் கூழ்.

"அண்ணி, செத்த எடுத்துக் காதுல வைங்களேன்."

அண்ணி என்றது என் மனைவி தனத்தை. அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, போனை எடுத்துச் செல்வியின் காதில் வைத்துப் பிடித்தாள்.

நல்ல உச்சி வெயில். வேப்பமரத்தை ஒட்டிக் கீற்றுப் பந்தல் போட்டிருந்தோம். வாளியும் சொம்புமாக வரிசை ரோடு வரைக்கும் நின்றது. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மாங்காய்ப் பத்தையும். மோர்மிளகாய் வறுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, சொல்கிறேன். மைக்செட் சத்தத்தில் செல்வி என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. கையிலிருந்த அகப்பை நழுவி அண்டாவுக்குள் மூழ்கியதைத்தான் பார்த்தேன்.

பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கோமதிக்குப் பனிக்கொடம் ஒடஞ்சிருச்சாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்களாம்."

கோமதி அவருடைய ஒரே மகள். அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன நாள் இன்னும் தள்ளியிருந்தது. எங்கள் நகர் முனையில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அரியலூர் போய்விடலாம். ஆனால் செல்வி எழுந்திருக்கவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் எழுந்திருக்கவில்லை என்பது புரிய வேண்டுமானால், எங்கள் நகர் முளைத்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

பூட்டிய வீடுகள்

மழையில் நான் மின்கம்பம் ஏறிய கதையைச் சென்ற வாரம் படித்த ஒரு வாசகர், "ஐயா, நீங்கள் எங்கே ஆரம்பித்தாலும் கம்பத்தடியில்தான் வந்து நிற்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார். வாழ்நாள் பூராவும் லைன்மேனாக இருந்தவன் வேறு எங்கே போய் நிற்பான்? இந்த வாரமும் ஒரு கம்பம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், டவுனை விட்டு வெளியே வந்ததும் இடது கைப்பக்கம் இருப்பது பூங்காவனம் நகர். பூங்காவனம் என்றதும் பூவும் செடியும் என்று எண்ணிவிடாதீர்கள். பிளாட் போட்டவருடைய அம்மா பெயர் அது. முன்பு பருத்திக் கொல்லையாக இருந்த இடம். மழை பெய்தால் இன்றைக்கும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்படி ஒட்டும் கரிசல்.

வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். குரும்பலூர் ஆள் ஒருவர், ஆண்டிமடம் ஆள் ஒருவர், ஆலத்தியூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்கு ஷிப்ட் போகிறவர்கள் சிலர். ரொம்ப வருஷம் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. 'நாய் வீடு', 'மாடியில தண்ணித் தொட்டி வழியுற வீடு' என்றுதான் அடையாளம். எங்கள் வீடு 'லைன்மேன் வீடு'. கரண்ட் போனால் மட்டும் எல்லாருக்கும் என் பெயர் ஞாபகம் வரும்.

சித்திரை, வைகாசி வந்தால் நகரே வெறிச்சோடிவிடும். அவரவர் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். இங்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என் ஊருக்கு நானும் போவேன். போனால் அங்கேயும் என்னைச் சும்மா விட மாட்டார்கள், சீரியல் செட்டுக்குக் கொக்கி போட ஏறச் சொல்வார்கள். "உத்தியோகத்துல இருக்கறவன் திருட்டுக் கரண்ட் எடுக்கலாமாடா?" என்று கத்துவேன். திருவிழா முடிகிற வரைக்கும் எங்கள் வம்சத்தில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

ஊரடங்கு வந்த அந்தக் கோடையில்தான் முதல் முறையாக எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள். ஊருக்குப் போக வழியில்லை. ஊரிலும் திருவிழா இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எதிர்வீட்டுச் செல்வி ஒரு செங்கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நகர் நடுவில் நின்ற வேப்பமரத்தடியில் நட்டார். ஒரு அகல் ஏற்றினார். வேறொன்றும் செய்யவில்லை.

செல்வியின் கணவர் குவைத்தில் இருக்கிறார். செல்வி கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டி விற்பவர். எங்கள் நகரில் அவர் மாவு போகாத வீடு கிடையாது. அதனால்தானோ என்னவோ, அடுத்த வெள்ளி மரத்தடியில் ஒரு வரிசை அகல் எரிந்தது. தள்ளித் தள்ளி நின்று, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கும்பிட்டோம். அன்றைக்குத்தான் 'நாய் வீட்டுக்காரர்' பெயர் ராமலிங்கம் என்று தெரிந்துகொண்டேன். உடையார்பாளையத்துக்காரர். டிராக்டர் பார்ட்ஸ் கடை.

எல்லா ஊர்க் கட்டுப்பாடும் ஒரே நகரில்

நோய் அடங்கிய பிறகும் யாருக்கும் அந்த மரத்தடியை விட மனசில்லை. ஒரு கோடையில், நாமே காப்புக் கட்டித் திருவிழா செய்தால் என்ன என்று பேச்சு வந்தது. கூட்டம் போட்டோம். அங்கேதான் சிக்கல்.

குரும்பலூர்க்காரர்கள், காப்புக் கட்டினால் வீட்டில் தாளிக்கக் கூடாது என்றார்கள். ஆண்டிமடத்துக்காரர், தாளிக்கலாம், ஆனால் எண்ணெய்ச் சட்டி வைத்து எதையும் பொரிக்கக் கூடாது என்றார். இன்னொருவர், உரலில் இடிக்கவே கூடாது என்றார். "உரல் யார் வூட்டுல இருக்கு? மிக்சி போடலாமா, அதச் சொல்லுங்க" என்று தனம் கேட்டாள். அந்த மிக்சி விவகாரம் மட்டும் இரண்டு கூட்டம் நடந்தது.

யாரும் யாருடைய ஊர் வழக்கத்தையும் தப்பு என்று சொல்லத் துணியவில்லை. சாமி விஷயம். அதனால் கடைசியில் எல்லா ஊர்க் கட்டுப்பாடுகளையும் மொத்தமாகச் சேர்த்து ஒப்புக்கொண்டோம். தாளிப்பும் இல்லை, பொரியலும் இல்லை, மிக்சியும் இல்லை. மோர்மிளகாய் வறுக்காத காரணம் இதுதான். ரசத்தைத் தாளிக்காமல் குடித்துப் பார்த்தால்தான் கடுகின் அருமை தெரியும்.

அந்தக் கட்டுப்பாடுகளில் இரண்டுதான் இந்தக் கதைக்கு வேண்டும். ஒன்று, நிறைமாதக் கர்ப்பிணி காப்புக் கட்டிய ஊர் எல்லைக்குள் இருக்கக் கூடாது. அதற்கு முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட வேண்டும். இரண்டு, வேண்டுதலுக்காகக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடிகிற வரைக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது.

பூசாரி வைத்தி. குரும்பலூரில் அவர் அப்பா பூசாரி. இவருக்கு மற்ற நாட்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை. சட்டை அளவெடுக்கும்போது பேசுகிற அதே மெல்லிய குரலில்தான் சாமியிடமும் பேசுவார். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவர் பேசினால் சாமி காது கொடுத்துக் கேட்கும் என்று எனக்கே தோன்றும்.

நான்கு பக்கமும் வேப்பிலை

காப்புக் கட்டுவதற்கு முன்னால் எல்லை கட்ட வேண்டும். மேளத்தோடு போய், ஊரின் நான்கு பக்கமும் மஞ்சள் கயிற்றில் வேப்பிலை கோத்துக் கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார்கள். அதற்கு உள்ளே இருப்பது ஊர். அம்மன் காவல்.

பழைய ஊர்களுக்கு எல்லைக்கல் இருக்கும். எங்களுக்கு ஏது? நான்கு பக்கமும் என் டிபார்ட்மென்ட் கம்பங்கள்தான் இருந்தன. அதிலேயே கட்டுவது என்று முடிவாயிற்று. எனக்கு ஆட்சேபணை இல்லை, கம்பத்தில் ஏறாமல் கட்டினால் சரி என்றேன்.

"அவங்கவங்க ஊர் இருக்கற திசைய அவங்கவங்க கட்டுங்க" என்றார் பூசாரி வைத்தி.

நான் சொல்லப்போகும் வருஷம் எங்களுக்கு மூன்றாவது திருவிழா. மேற்கே குரும்பலூர்க்காரர்கள் கட்டினார்கள். வடக்கும் தெற்கும் பிரச்சினை இல்லை. கிழக்குத்தான் தகராறு. அந்தப் பக்கம் அரியலூர், அதைத் தாண்டினால் உடையார்பாளையம், ஆண்டிமடம். எனவே இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒருவர் நாய் வீட்டு ராமலிங்கம். இன்னொருவர் ஆண்டிமடம் கலியபெருமாள், முந்திரி வியாபாரி, எங்கள் பொங்கலில் முந்திரி மிதப்பது அவர் புண்ணியம்.

"கெழக்க எங்க ஊருதாங்க மொதல்ல வருது" என்றார் ராமலிங்கம்.

"மொதல்ல வந்தா? கடேசில இருக்கறவன்தான் எல்லைக்காரன். எல்லைன்னா கடேசிதானங்க?" என்றார் கலியபெருமாள்.

வார்த்தை தடித்துவிட்டது. பிறகு டீக்கடையில் இரண்டு பேரையும் உட்கார வைத்து நானே சமாதானம் பேசினேன். சமாதானம் என்றால் சாதாரண சமாதானம் இல்லை. "சரிங்க, நீங்களே கட்டுங்க" என்று இவர் சொல்ல, "சேச்சே, நீங்கதான் கட்டணும்" என்று அவர் சொல்ல, கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

கிழக்கை அவர்கள் பொறுப்பில் விட்டு, மேளம் மற்ற மூன்று பக்கம் மட்டும் போய் வந்தது. அன்று சாயங்காலம் எல்லை கட்டியாயிற்று என்று மைக்கில் அறிவித்தோம். காப்புக் கட்டினோம்.

செல்வியின் வேண்டுதல்

செல்வி தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தார். காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கோமதிக்கு முதல் கர்ப்பம் ஏழாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அப்போது செல்வி சென்னையில் தம்பி வீட்டுக் கல்யாணத்தில் இருந்தார். செய்தி கேட்டு அடித்துப்பிடித்துக்கொண்டு அரியலூர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மகள் திரும்பாமலே, "இப்பதான் வரியாம்மா?" என்று கேட்டாளாம். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இதைச் செல்வி தனத்திடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது தங்கி, மாதம் ஏறி, வளைகாப்பும் ஆகி, கோமதி தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். மாலையில் தெருவில் நடப்பாள். ஆளுக்கொரு மாங்காய் கொடுப்போம். காப்புக் கட்டும் நாள் நெருங்கியதும், நிறைமாதக்காரி எல்லைக்குள் இருக்கக் கூடாது என்பதால், செல்வியே அவளைப் பத்திரமாக அரியலூரில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். திருவிழா முடிந்த மறுநாளே போய் அழைத்து வருவதாகப் பேச்சு.

அதற்குள்தான் அந்தப் போன்.

போகவும் முடியாமல்

இப்போது கூழ் அண்டாவுக்குத் திரும்புவோம்.

மைக்செட்டை நிறுத்தினோம். ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரும் செல்வியைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை எழுதியே ஆக வேண்டும். "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, போ" என்றார்கள். "காப்ப அவுத்து மரத்துல கட்டிட்டுப் போ" என்றார்கள். செல்விதான் அசையவில்லை.

"அவளுக்காகத்தானே கட்டுனேன். அவளுக்காகக் கட்டுனத நானே எப்படி அவுப்பேன்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு எப்போதும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். "ஏம்மா, பெத்த பொண்ணு அங்க வலியில துடிக்குது. எந்தச் சாமி உன்ன இங்க ஒக்காருன்னு சொல்லுச்சு?" என்று கத்திவிட்டேன்.

தனம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடினேன். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "போயி ஒண்ணு ஆச்சுன்னா, நான் போனதாலன்னு ஆயுசுக்கும் அழுவா. போகாம ஒண்ணு ஆச்சுன்னா, போகலையேன்னு அழுவா. நீங்க கத்தி என்ன ஆவப் போவுது?"

அது உண்மை. வரிசையில் நின்றவர்கள் காலிச் சொம்போடு அப்படியே நின்றார்கள். கூழ் வேண்டும் என்று ஒருவர் கேட்கவில்லை.

பூசாரி வைத்தி வந்தார். மஞ்சள் வேட்டியோடு செல்வியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, கெழக்கு எல்லைக்குப் போவோம். அங்க நின்னு ஆத்தாகிட்ட உத்தரவு கேப்போம். பூ போட்டுப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா நீங்க போயிட்டு வாங்க. செவப்பு வந்தா..."

செல்வி தலையாட்டினார்.

கம்பத்தடியில்

எல்லாரும் கிழக்கே நடந்தோம். தனம் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூழ் வழிந்து காய்ந்த கை. தெரு முனையில், அரியலூர் ரோட்டை ஒட்டி, என் கம்பம் நின்றது. சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

கம்பத்தில் வேப்பிலை இல்லை.

பூசாரி கம்பத்தைச் சுற்றி வந்து பார்த்தார். கயிறும் இல்லை. கட்டி அவிழ்ந்த தடமும் இல்லை. கீழே ஒரு காய்ந்த இலைகூட இல்லை. இரண்டு நாள் முன்பு நானே அந்தக் கம்பத்தில்தான் டியூப்லைட்டுக்கு ஒயர் இழுத்தேன். ஆனால் கம்பம் என்றால் நான் மேலேதான் பார்ப்பேன், இடுப்பு உயரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது.

எல்லார் கண்ணும் ராமலிங்கத்தின் மேலும் கலியபெருமாள் மேலும் போயிற்று.

"நீங்க கட்டலையா?" என்றார் ராமலிங்கம்.

"நானா? நீங்கதான் கட்டணும்னு கையப் பிடிச்சுச் சொன்னேனே!"

"நான்தான் உங்களுக்கு வுட்டுக் குடுத்துட்டேனே!"

"நானும் உங்களுக்குத்தாங்க வுட்டுக் குடுத்தேன்!"

சண்டை போட்டிருந்தாலாவது யாராவது ஒருத்தர் கட்டியிருப்பார். சமாதானம் பேசியவன் நான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூசாரி வைத்தி கோபப்படுவார் என்று நினைத்தோம். கோபம் வரத்தான் வந்தது, முகம் சிவந்தது. வாயைத் திறந்தவர், சட்டென்று மூடிக்கொண்டார். கம்பத்தைப் பார்த்தார். அதற்கு அப்பால் நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்தார். பிறகு, சட்டை அளவெடுக்கும் அந்தக் குரலில் சொன்னார்:

"அக்கா, இங்க எல்லை கட்டவே இல்ல."

செல்விக்குப் புரியவில்லை.

"கட்டாத எல்லையத் தாண்ட முடியுமா? இந்தப் பக்கம் ஊரு முடியவே இல்ல. அரியலூரு வரைக்கும் போனாலும் நம்ம ஊருக்குள்ளதான் இருக்கீங்க. காப்போட போங்க."

"நெசமாவா சொல்றீங்க?"

"பூவெல்லாம் எதுக்குங்க? ஆத்தா வாசலத் தொறந்து வச்சிட்டுத்தான் காப்பே கட்டச் சொல்லிருக்கா. நாமதான் பாக்கல."

செல்வி கம்பத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். தனம் அழுதாள். கலியபெருமாளும் ராமலிங்கமும்கூட அழுதார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. நான் அழவில்லை என்று எழுதினால் தனம் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பாள்.

அரியலூர் வரைக்கும் எங்கள் ஊர்

பஸ்ஸுக்கு எங்கே காத்திருப்பது? கூழ் அண்டா ஏற்றி வந்த குட்டியானை வண்டி தெருவில் நின்றது. செல்வியை முன்னால் ஏற்றினோம். தனம், இன்னும் சில பெண்கள், ராமலிங்கம், கலியபெருமாள், நான் எல்லாரும் பின்னால் தாவி ஏறினோம். பாதி வழியில், ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோதுதான் முதுகில் சுடச்சுட ஏதோ இடித்தது. திரும்பிப் பார்த்தால், இன்னும் இறக்காத இரண்டாவது அண்டா. மூடியோடு, நிறையக் கூழ்.

"வண்டிய திருப்பலாமா?" என்றார் கலியபெருமாள். வண்டி இன்னும் வேகமாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் செல்வியையும் தனத்தையும் மட்டும் உள்ளே விட்டார்கள். மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக ஒரு கும்பல் அண்டாவோடு வந்து இறங்கியதைப் பார்த்த காவலாளி, "கோயிலுக்கு வழி கேக்குறீங்களா?" என்றார்.

கேட்டுக்கு வெளியே புங்கமர நிழலில், உள்ளே பிரசவத்துக்குப் பெண்களைச் சேர்த்திருந்த குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. யாருக்கும் சாப்பாட்டு நினைப்பில்லை. சும்மா நிற்பானேன் என்று எங்கள் பெண்கள் ஊற்ற ஆரம்பித்தார்கள். தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கொண்டுவந்தவர்கள் உண்டு, டிபன் பாக்ஸ் மூடியில் வாங்கியவர்கள் உண்டு. ஒரு முஸ்லிம் பெரியவர் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு வந்தார். "எம் மருமவ உள்ள இருக்காம்மா, துவா செய்ங்க" என்றார். வேண்டிக்கொண்டோம், எங்களுக்குத் தெரிந்த மாதிரி.

அந்த நேரம் பூசாரியிடமிருந்து போன். "லைன்மேன் சார், ரெண்டாவது அண்டாவக் காணமே? சனம் நிக்குது."

"அரியலூர்ல ஊத்திக்கிட்டிருக்கோம்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "ஊருக்குள்ளதான ஊத்துறீங்க. ஊத்துங்க, ஊத்துங்க."

உள்ளே நடந்ததைத் தனம்தான் பிறகு எனக்குச் சொன்னாள். பிரசவ அறைக்குக் கொண்டுபோகும் முன் கோமதி அம்மாவைப் பார்த்திருக்கிறாள். சந்தோஷப்படுவதற்குப் பதில் பயந்துவிட்டாள். அம்மாவின் கையிலிருந்த காப்பைத்தான் முதலில் பார்த்தாளாம்.

"எல்லையத் தாண்டிட்டியா? ஏம்மா இப்புடிப் பண்ணுன? புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"தாண்டலடி தங்கம். கெழக்க இந்த வருசம் கட்டலடி. இதுவும் நம்ம ஊருதான். நீயும் ஆத்தா காவல்லதான் இருக்க."

கோமதி அம்மாவின் கையை விடவே இல்லையாம். நர்ஸ் வந்து பிரித்துத்தான் அழைத்துப் போனாராம்.

பொழுது சாயும்போது பெண் குழந்தை பிறந்தது. நாளுக்கு முன்பே வந்துவிட்டதால் எடை குறைவு; தனி வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் பயமில்லை என்றார்கள். செல்வி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முழங்கை அளவுகூட இல்லை. ஆனால் அழுத அழுகை இருக்கிறதே, எங்கள் மைக்செட் தோற்றது.

மைக்செட் என்றதும் சொல்ல வேண்டும். கலியபெருமாள் போனில் பூசாரிக்கு விஷயத்தைச் சொல்ல, அவர் அந்தப் போனை அப்படியே மைக்கில் வைத்துவிட்டார். "நம்ம செல்விக்குப் பேத்தி பொறந்திருக்கு, தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க" என்று அரியலூரில் கலியபெருமாள் கத்தியது பூங்காவனம் நகர் பூராவும் கேட்டதாம். மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். பிரசவத் தீட்டு உண்டே என்று யாரோ கிளப்பியிருக்கிறார்கள். "அது சம்பந்தி வூட்டுத் தீட்டு, நம்ம பக்கம் வராது" என்று பூசாரி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

செல்வி அங்கேயே தங்கினார். தீச்சட்டி நாளன்று காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் சேலை கட்டி, நெருப்புச் சட்டியை இரண்டு கையிலும் ஏந்தி நகரைச் சுற்றி வந்தார். வீட்டுக்கு வீடு காலில் தண்ணீர் ஊற்றினோம். குவைத்திலிருந்து அவர் கணவர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவன் நான்தான். சட்டியிறக்கிய பிறகு அடுத்த பஸ்ஸிலேயே மறுபடி அரியலூர்.

போன கோடை

அடுத்த வருஷம் எல்லை கட்டும் நாள் வந்தது. ராமலிங்கமும் கலியபெருமாளும் ஒன்றாகவே என் வீட்டுக்கு வந்தார்கள். இனி எந்த வருஷமும் கிழக்கே கட்டுவதில்லை, அதை நம் நகரின் வழக்கமாக வைத்துவிடலாம் என்றார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது, எல்லாம் கடன் வாங்கிய வழக்கமாக இருக்கிற நமக்குச் சொந்தமாக ஒன்று இருக்கட்டுமே என்று நானும் சொன்னேன். பூசாரிக்கும் சம்மதம். மூன்று பக்கத்துக்கு மட்டும் வேப்பிலை கோத்தோம்.

மேளத்தோடு மூன்று பக்கமும் முடித்துவிட்டுத் திரும்பும்போது, செல்வி தன் வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்தார். தோளில் பேத்தி. வேப்பிலையைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கப் பார்க்கும் வயசு. பின்னால் கோமதியும் மருமகனும் நின்றார்கள், திருவிழாவுக்கென்று வந்திருந்தார்கள்.

"கெழக்க ஏன் கட்டல?" என்று கேட்டார்.

"உங்களுக்காகத்தாங்க அக்கா வுட்டு வச்சிருக்கோம்" என்றார் பூசாரி.

செல்வி மகளைப் பார்த்தார். பேத்தியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மரத்திலிருந்து தானே ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துப் பூசாரியிடம் நீட்டினார்.

"இந்த வருசம் எல்லாரும் உள்ளதான் இருக்கோம்" என்றார். "கட்டுங்க."